லைனிங்கைப் பிடிப்பதா, துணியைப் பிடிப்பதா

எங்கள் தையல் கடையின் ட்ரையல் ரூமில் மூன்று பக்கமும் கண்ணாடி. பிளவுஸின் முதுகு ஜன்னல் எப்படி விழுந்திருக்கிறது என்று வருகிறவர்கள் தாங்களே திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் மாட்டினேன். அவர்கள் முதுகைப் பார்க்கிறார்கள். பின்னால் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு நிற்கிற நான், என் தாடையைப் பக்கவாட்டில் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. சொந்த முகத்தை நேராகப் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். பக்கவாட்டில் அது வேறு யாரோ. எனக்கு என்ன கொடுமை என்றால், ரத்த சம்பந்தமே இல்லாத என் மாமியார் மாதிரி இருந்தேன்.

சர்க்கரை வந்து, அரிசியைக் குறைத்து, தினம் காலையில் நடந்து, பதினாலு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 61-க்கு வந்தேன். சர்க்கரை டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இடுப்பு குறைந்தது, முட்டிவலி போனது, எல்லாம் சரி. ஆனால் முகத்துக்குள் இருந்த சதை போன பிறகு, அதைச் சுற்றியிருந்த தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. 40 சைஸ் பிளவுஸை 34 சைஸ் உடம்பில் போட்ட மாதிரி. தாடையோரம் இரண்டு பக்கமும் பை. கழுத்தில் நட்டுக்குத்தாக இரண்டு கயிறு. வாடிக்கையாளர்கள் “என்னக்கா, உடம்புக்கு ஏதாச்சும்…?” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஒரு அம்மா போகிறபோது என் கையைப் பிடித்து, புற்றுநோய்க்கு நாட்டு மருந்து கொடுக்கிற ஒருவருடைய நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காசுகூட வாங்கமாட்டாராம், ரொம்ப நல்ல மனுஷராம்.

அன்றைக்கு ராத்திரிதான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இரண்டு கன்னத்தையும் விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பார்த்தேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் செய்து பார்த்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் டாக்டர் இல்லை. திருச்சி உறையூரில் 22 வருஷமாக பிளவுஸ் தைக்கிறவள். வயது 57. முகத்தூக்கு ஆபரேஷனில், அதாவது தொங்கிப்போன முகத்தை ஏற்றித் தைக்கிற ஃபேஸ்லிஃப்டில், எந்த வகையை எடுப்பது என்று எட்டு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை, தையல்காரியாக எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். தமிழில் தேடினால் ஒன்று விளம்பரம் வருகிறது, இல்லாவிட்டால் ‘இந்த வயசில் இதெல்லாம் தேவையா’ என்ற திட்டு வருகிறது. திட்டு வீட்டிலேயே கிடைத்தது. “அம்மா, லூசா நீ?” என்றாள் பெங்களூரில் இருக்கிற மகள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரித்தார். 31 வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

முதலில் போனது இங்கேயே ஊரில் இருக்கிற ஒரு அழகு கிளினிக். வாசலில் ஆர்க்கிட் பூ, உள்ளே ஏசி. அங்கே சொன்னது நூல் போடுவது. பி.டி.ஓ. என்று ஒரு நூல், ஆபரேஷனில் உள்தையலுக்குப் போடுகிற, தானாகக் கரைகிற ரகம். அதில் சின்னச் சின்ன முள் வெட்டியிருக்கும். ஊசி வழியாகத் தோலுக்கடியில் விட்டு இழுத்தால் முள் சதையைப் பிடித்துக்கொள்ளும். கத்தி கிடையாது, மயக்கம் கிடையாது, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். 65,000 ரூபாய்.

நூல் என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. எத்தனை நாளில் கரையும் என்றேன். ஏழெட்டு மாதம் என்றார்கள். கரைந்த பிறகு எது பிடித்துக்கொண்டிருக்கும் என்றேன். நூல் இருந்த இடத்தில் கொலாஜன் என்று தோலைக் கெட்டியாக வைக்கிற புரதம் உண்டாகும், அது பிடிக்கும் என்றார்கள். எங்கள் தொழிலில் துணியை நகராமல் வைக்கப் பெரிய பெரிய ஓடுதையல் போடுவோம். மிஷினில் அடித்த பிறகு அதை உருவிவிடுவோம். இங்கே மிஷின் தையலே கிடையாது, ஓடுதையல் மட்டும் போட்டு அதையும் கரையவிடுகிறார்கள். லேசாகத் தளர ஆரம்பித்திருக்கிற நாற்பது வயதுக்காரருக்கு அது போதுமாக இருக்கலாம். 17 கிலோ இறங்கிய என் முகத்தில் மிச்சமிருக்கிற தோலை நூல் எங்கே கொண்டுபோய் வைக்கும்? மிச்சத்துணியை வெட்டித்தானே ஆகவேண்டும்.

இதை நான் கேட்டதற்கு, இன்றைக்கே புக் பண்ணினால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார் அங்கிருந்த பெண். அது ஆடி மாசம்கூட இல்லை. எனக்கு நூல் போடப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜனும் இல்லை என்பது கடைசியில், நான் மூன்றாவது தடவை கேட்ட பிறகு தெரிந்தது. இது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து அதற்கும் மேலே எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதே பிரிவில் டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) என்று இருக்கிறதா என்று போர்டில் பாருங்கள். ‘காஸ்மெட்டிக்’ என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது டாக்டர் சரியான சர்ஜன்தான். அவர் மினி லிஃப்ட் என்றார். காதுக்கு முன்னால் மட்டும் கீறல், காதுக்குப் பின்னால் போகாது. மரத்துப்போக ஊசி, கூடவே லேசான தூக்க மருந்து. தாடையோரப் பை குறையும், பத்து நாளில் கடையில் உட்காரலாம். 1,40,000. இந்தச் சின்னக் கீறல் வகையிலேயே மேக்ஸ் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் டோனார்ட், வெர்பேல் என்று இரண்டு டாக்டர்கள் 2000-களின் ஆரம்பத்தில் கொண்டுவந்தது. கன்னத்துக்குள் நூலை வளையமாக ஓட்டிச் சுருக்கி, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கிற கெட்டியான சவ்வில் மேல்நோக்கிக் கட்டித் தொங்கவிடுவார்கள். பெட்டிக்கோட் நாடாவைச் சுருக்கிக் கட்டுகிற கணக்கு. எனக்கு அது உடனே புரிந்தது, பிடிக்கவும் செய்தது.

“கழுத்து, டாக்டர்?” என்றேன்.

“கழுத்து ஓரளவுதான் வரும்மா. உங்க கழுத்துக்கு இது பத்தாது” என்றார். தன் வேலை போதாது என்று தானே சொன்ன அந்த டாக்டரை இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கிறேன். எங்கள் தொழிலிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. ‘கொண்டாங்க, பாத்துக்கலாம்’ என்று வாங்கிப் போட்டுவிடுவோம்.

மூன்றாவது டாக்டர் சென்னையில். தங்கச்சி நங்கநல்லூரில் இருக்கிறாள், அவள் விசாரித்து வைத்தாள். பல்லவன் ரயிலில் போய் இறங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே தி.நகரில் லைனிங் துணி வாங்கி வரலாம் என்று, கைப்பையில் ஒரு கல்யாணப் பட்டின் ஓரத்துண்டையும் காட்டன் லைனிங்கையும் பின் குத்திச் சேர்த்து வைத்திருந்தேன். கலர் பார்க்க. அந்தத் துண்டுதான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது.

அந்த டாக்டர் முதலில் என்னை முகத்தை இழுத்துக் காட்டச் சொன்னார். எல்லோரும் இழுக்கிற மாதிரிக் காதுப் பக்கமாக, படுக்கைவாக்கில் இழுத்தேன். “இப்படி இழுத்தா வாய் அகலமாகும், ஆபரேஷன் பண்ண முகம்னு தெருவில போறவங்களுக்கும் தெரியும்” என்று சொல்லி, என் விரலை எடுத்துவிட்டுத் தன் இரண்டு விரலை என் தாடைக்கு மேலே வைத்து, காதை நோக்கிச் சாய்வாக, மேல்வாக்கில் தள்ளினார். பை போய்விட்டது, வாய் அப்படியே இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சதை காலத்தால் கீழே இறங்கியிருக்கிறதே தவிர, முன்னால் நகர்ந்து வரவில்லை. இறங்கினதை மேலேதானே ஏற்ற வேண்டும்! துணியில் இழை ஓட்டம் பார்க்காமல் வெட்டினால் சாயம்போவதற்கு முன்னால் கோணல் வந்துவிடும் என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்.

அப்புறம் அடுக்குகளைச் சொன்னார். மேலே தோல். அதற்குக் கீழே கொஞ்சம் கொழுப்பு. அதற்கும் கீழே முகத்துத் தசைகளோடு சேர்ந்த ஒரு மெல்லிய சவ்வு, அதன் பெயர் ஸ்மாஸ். கழுத்துத் தசையும் இதனுடைய தொடர்ச்சிதான். அதற்கும் அடியில் முகத்தை அசைக்கிற நரம்புகள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்த ஆபரேஷன் தொடங்கியபோது தோலை மட்டும்தான் வெட்டி இழுத்துத் தைத்தார்களாம். 1974-ல் சுவீடனில் ஸ்கூக் என்ற டாக்டர் தோலையும் அடிச்சவ்வையும் சேர்த்துத் தூக்கலாம் என்று காட்டினார். 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் அந்தச் சவ்வை விவரித்துப் பெயர் வைத்தார்கள்.

நான் பையிலிருந்து அந்தப் பட்டுத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். “டாக்டர், தோல் இந்தப் பட்டு, ஸ்மாஸ் இந்த லைனிங், சரியா?”

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பட்டை மட்டும் ஓரத்தில் பிடித்து இழுத்தார். பின் குத்தின இடத்தில் இழைகள் விலகி வாய் பிளந்தன. எனக்கு இது புதிதா என்ன? ஆரி வேலை செய்த பிளவுஸ் அரைக்கிலோ கனம் இருக்கும். அந்தக் கனத்தைப் பட்டின் மேல் விட்டால் தோள்பட்டைத் தையல் ஒரே கல்யாணத்தில் பிரிந்துவிடும். லைனிங்கில்தான் பாரத்தை இறக்குவோம், பட்டு சும்மா அதன் மேல் படுத்திருக்கும். முகத்திலும் அதேதான். தோலை இழுத்துத் தைத்தால் தோல் நீளும், கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும், தழும்பு அகலமாகும், காது மடலின் நுனி கன்னத்தோடு இழுபட்டுக் கீழே நீண்டுவிடும். ஸ்மாஸை ஏற்றிக் கட்டிவிட்டால் தோலுக்கு வேலை இல்லை. மிச்சத்தை மட்டும் வெட்டி, இழுவிசை இல்லாமல் வைத்துத் தைக்கலாம்.

இங்கிருந்துதான் ரகங்கள் பிரிகின்றன. நெட்டில் பார்க்கிற கண்ட கண்ட பெயரையெல்லாம் நான் இப்போது இப்படித்தான் கேட்பேன்: ஸ்மாஸை என்ன செய்கிறீர்கள்?

ஸ்மாஸை வெட்டாமல் அப்படியே மடித்துத் தைப்பது ஒன்று. நாங்கள் பிளவுஸில் டக் பிடிக்கிற மாதிரி. ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பது இன்னொன்று. டக் பிடித்தால் மடிந்த துணி உள்ளேயே இருக்கும், அந்த இடம் கொஞ்சம் தடிக்கும். வெட்டி எடுத்தால் தட்டையாகும். அதனால் குண்டு முகத்துக்கு வெட்டுவது பொருத்தம். என்னைப் போல வற்றின முகத்துக்கு மடிப்பது நல்லது, மடிப்பே கன்னத்துக்குக் கொஞ்சம் சதை கொடுக்கும். ‘எனக்கு எது’ என்று அதுவரை குழம்பிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் பாதி தெளிவு. ஸ்மாஸைத் தோலிலிருந்து பிரித்துத் தனி மடலாகத் தூக்கி இழுப்பதும் உண்டு. அது இன்னும் பெரிய வேலை.

கடைசியில் இருக்கிறது டீப் பிளேன். இன்ஸ்டாகிராம் முழுக்க இப்போது இதுதான், ஹாலிவுட் நடிகைகள் பேரெல்லாம் அடிபடுகிறது. அமெரிக்காவில் டல்லஸில் இருந்த ஹாம்ரா என்ற சர்ஜன் 1990-ல் எழுதிய முறை. இதில் தோலையும் ஸ்மாஸையும் பிரிப்பதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே துணியாக, ஸ்மாஸுக்கு அடியில் போய், முகத்தை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற கட்டுகளை விடுவித்து, மொத்தமாக ஏற்றி வைப்பது. தோலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், கன்னத்தின் நடுப்பகுதியும் சேர்ந்து ஏறும். ஆனால் முக நரம்பு ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை. கை பழகியவர் செய்ய வேண்டும்.

“அப்போ அதுதானே டாக்டர் பெரிசு? காசு போனாலும் பரவாயில்லை, அதையே பண்ணிடுங்களேன்” என்றேன். பெரிசுதான் நல்லது என்கிற புத்தி நமக்கெல்லாம் உண்டு.

அதற்கு அவர் ஒரு இரட்டையர் கதை சொன்னார். கதை இல்லை, மருத்துவப் பத்திரிகையில் 2009-ல் வந்தது, பிறகு நானும் மகளைவிட்டுத் தேடச்சொல்லிப் படித்தேன். (அதற்குள் அவள் கட்சி மாறியிருந்தாள்.) அமெரிக்காவில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஜோடி இரட்டைச் சகோதரிகள். நாலு பேருக்கு நாலு சர்ஜன்கள். ஹாம்ராவும் அதில் ஒருவர். ஒவ்வொருவரும் தன் தன் முறையில் செய்தார்கள். பத்து வருஷம் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்த முறைதான் ஜெயித்தது என்று ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்ட முடியவில்லை. ஒரே ரத்தம், ஒரே மாதிரி முகம், நாலு விதத் தையல், நாலும் நன்றாகத்தான் இருந்தன. எங்கள் கடையில் ராணி பிரின்சஸ் கட் போடுவாள், செல்வி கட்டோரி போடுவாள். மாற்றிக் கொடுத்தால் இரண்டும் கெட்டுப்போகும். அவளவளுக்குக் கை பழகினது அவளவளுக்கு.

என் டாக்டருக்குக் கை பழகினது ஸ்மாஸை மடித்து ஏற்றுவதும், தாடைக்கு அடியில் சின்னதாகக் கீறிக் கழுத்துத் தசையின் இரண்டு ஓரத்தையும் நடுவில் சேர்த்துத் தைப்பதும். கழுத்தில் தெரிந்த அந்த இரண்டு கயிறு, நடுவில் பிரிந்து போன தசையின் ஓரங்கள்தானாம். கொக்கி விட்ட பிளவுஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் எடுத்தேன். வயிற்றிலிருந்து கொழுப்பு எடுத்துக் கன்னத்தில் வைக்கலாம், அதில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்றார். அது வேண்டாம் என்றுவிட்டேன். 3,10,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆமாம், அழகுக்கான ஆபரேஷனுக்கு வரி உண்டு. விபத்தில் அடிபட்டோ, பிறவிக் குறையாலோ சரிசெய்வதென்றால் கிடையாது. இன்ஷூரன்ஸும் தராது. வேறு டாக்டர் வேறு கேட்பார், என் கணக்கை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

உடனே தேதி கொடுக்கவில்லை. எடை ஆறு மாதம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றார். ஐந்தாறு கிலோ ஏறி இறங்கினால் செய்த வேலை வீண். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏழுக்குள் வேண்டும். பிரஷர் மாத்திரை ஒருநாள்கூடத் தவறக்கூடாது, ஏனென்றால் இந்த ஆபரேஷனில் அதிகமாக வருகிற தொல்லை தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்வது, பிரஷர் ஏறினால் அது வரும். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ எல்லாம் இரண்டு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஒரு மாதம் முன்பே விட வேண்டும், தூக்கி வைத்த தோலுக்கு ரத்தம் போகாமல் கறுத்துப் போகும். ஆண்கள் இதைப் படித்தால், தாடி வளர்கிற தோல் காதுக்குள் ஏறிவிடாமல் கீறல் எங்கே வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கீறல் இடத்தைப் பற்றி நானும் விடாமல் கேட்டேன். நான் எப்போதும் தூக்கிக் கொண்டை போடுகிறவள். காதுக்குப் பின்னால் தழும்பு தெரிந்தால் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் கதை சொல்ல வேண்டும். கொண்டையைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் கீறல் கோட்டை எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். நம் நிறத்துக்குத் தழும்பு தடித்து வளர்கிற வாய்ப்பு அதிகம் என்பதால், என் புஜத்தில் சின்ன வயதில் போட்ட அம்மை ஊசித் தழும்பைப் பார்த்தார், காது குத்தின ஓட்டையைத் தடவிப் பார்த்தார். இரண்டும் தட்டையாக இருந்தன. காது ஓட்டை மட்டும் ஜிமிக்கி இழுத்து இழுத்துக் கீற்றாகியிருந்தது. அதையும் சேர்த்தே தைத்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மார்கழியில் வைத்துக்கொண்டேன். முகூர்த்தம் இல்லை, தை மாதக் கல்யாண பிளவுஸ்களை ராத்திரி பகலாக முன்பே முடித்துவிட்டேன். “மார்கழியில போய்…” என்று தங்கச்சி இழுத்தாள். சுபகாரியமா செய்கிறேன், முகத்தை வெட்டிக்கொள்ளத்தானே போகிறேன் என்றேன். கடைக்கு வருகிறவர்களிடம் சென்னைக்குக் கச்சேரி கேட்கப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அது வேறு வம்பாகி, திரும்பி வந்த பிறகு ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் எந்தெந்த சபா, யார் யார் பாட்டு என்று குடைந்தெடுத்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை என்னை நாற்காலியில் நேராக உட்காரவைத்து ஊதாப் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் சதை காதுப் பக்கம் நழுவிவிடும், அளவு தப்பும். எனக்கு அந்த மனுஷர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச பயமும் அப்போதுதான் போனது. நானும் ஆளை நிற்கவைத்துத்தான் பின் குத்துவேன், மேஜையில் விரித்துப் போட்டு இல்லை.

முழு மயக்கம். ஐந்து மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒரு குழாய், அதன் நுனியில் எலுமிச்சை சைஸ் பல்பு, அதில் ரத்தநீர். மறுநாள் குழாயை எடுத்தார்கள். மூன்றாம் நாள் கண்ணாடி பார்த்தபோது பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவின மாதிரி இருந்தேன். சந்திமுக்கில் போட்டு உடைக்கலாம். முதுகை வைத்து, மூன்று தலையணை உயரத்தில்தான் தூக்கம். குழைந்த ரசம் சாதத்தை இவர் ஸ்பூனால் ஊட்டினார். தாடையைத் திறக்க முடியாததால் ஏதும் எதிர்த்துப் பேச முடியவில்லை என்பதை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டு, 31 வருஷத்து வீட்டுக் கணக்கைப் பேசித் தீர்த்தார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கழுத்து வழியாக இறங்கி மறைய இரண்டு வாரம். நாலாம் ஐந்தாம் நாளில் ஓர் அழுகை வரும், ‘ஏன் இதைச் செய்தோம்’ என்று. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் காதுக்கு முன்னால் இருந்த தையலைப் பிரித்தார்கள். நூலைக் காட்டச் சொன்னேன். 6-0 நைலான் என்றாள் நர்ஸ் பெண். என் கண்ணுக்குத் தலைமுடியைவிட மெலிசு. ஊசியோ அரை நிலா மாதிரி வளைந்து, அதில் காதே கிடையாது, நூல் ஊசியின் பின்னாலேயே பொருத்தப்பட்டு வருகிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடுகிற எனக்கு ரொம்பப் பொறாமை. பிரிப்பதற்கு முன்னால் தங்கச்சியின் போனில் படம் எடுக்கச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்து எண்ணினேன். காதுக்கு முன்னால், முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து மடல் வரை 23 தையல், எல்லாம் ஒரே இடைவெளி. மடலுக்குக் கீழே வருகிற இரண்டு மட்டும் கொஞ்சம் நெருக்கமாக விழுந்திருந்தன. வளைவில் எனக்கும் அப்படித்தான் விழும்.

என்ன ஆனது, எது ஆகவில்லை என்றும் சொல்ல வேண்டும். தாடைக் கோடு வந்துவிட்டது. கழுத்துக் கயிறு போய்விட்டது. கண்ணுக்குக் கீழே பை, நெற்றிக் கோடு, உதட்டுக்கு மேலே சுருக்கம், கன்னத்து மங்கு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. அதெல்லாம் இந்த ஆபரேஷனில் போகாது, கண்ணுக்குத் தனி, நெற்றிக்குத் தனி. அதை முன்னாலேயே டாக்டர் சொல்லியிருந்தும், எனக்கு மனசுக்குள் ஒரு ஓரத்தில் ‘பார்ப்போமே’ என்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. முடிக்குச் சாயம் முன்கூட்டியே அடித்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. அப்புறம் ஆறு வாரம் தொடக்கூடாது என்றுவிட்டார்கள். அதற்குள் வகிடு வெள்ளையாகி, முகம் ஒரு வயது, தலை ஒரு வயது என்று திரிந்தேன்.

நாட்டு மருந்து நம்பர் கொடுத்த அம்மா மாசியில் வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அவர்கிட்ட போனீங்களா? நான் சொன்னேன்ல” என்றார். என்ன சொல்வது? ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய பிளவுஸுக்குக் கை அளவு எடுத்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. இடது காது மடல் இன்னும் மரத்தே இருக்கிறது. காதுக்குக் கீழே ஓடுகிற உணர்வு நரம்பு இந்த ஆபரேஷனில் அடிபடுவது சகஜமாம், வலது பக்கம் மூன்று மாதத்தில் திரும்பிவிட்டது, இடது பக்கம் மெதுவாக வருகிறது. குண்டூசி நுனியால் குத்திப் பார்த்துக்கொள்வேன். மேல் பாதி இப்போது உறைக்கிறது, நுனி உறைக்கவில்லை. தோடு போடுகிறபோது கையால் தடவித் தெரிந்துகொள்ள முடியாது, கண்ணாடி வேண்டும். போன வாரம் திருகாணி எப்போது கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை. ராணிதான் “அக்கா, தோடு பின்னால தொங்குது” என்றாள். மிஷினுக்கு அடியில், பாய்க்கு அடியில் எல்லாம் தேடிவிட்டு, கடைசியில் வெட்டுத்துணிச் சாக்கைத் தரையில் கொட்டி, இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக உதறினோம். ஒரு ஆரஞ்சு லைனிங் துண்டில் சிக்கிக்கொண்டு கிடந்தது.